கேட்பவன் உண்டாக்கப்பட்ட சரித்திரம்

1

தாத்தா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் கிடைத்தவற்றுள் ஒரு ரேடியோ லைசென்ஸ் புத்தகமும் இருந்தது. உள்ளங்கை அகலப் புத்தகம். ஒவ்வொரு வருஷத்துக்கும் தபால் ஆபீஸ் ஒட்டிய ஸ்டாம்பு, அதன் மேல் தேதி முத்திரை. 1958ல் தொடங்கி 1979 வரை ஒரு வருஷம் கூட விடுபடவில்லை. வீட்டு வரி ரசீதுகளைத் தொலைத்துவிட்டு நகரசபைக்கு நடையாய் நடந்த மனிதர் இதை மட்டும் தொலைக்கவில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. முத்திரை விழுந்த தாள் எதை அனுமதிக்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது என் ஜீவனம். இந்தப் புத்தகம் இன்னார் இன்ன விலாசத்தில் ஒலிபரப்பை வாங்கும் கருவி ஒன்றை வைத்துக் கொள்ளலாம் என்கிறது. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதி. கேட்பதற்கு ஒரு மனிதன் வருஷா வருஷம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது என்பது இன்று வேடிக்கையாகப் படலாம். 1980களில் இந்த லைசென்ஸ் முறை முடிந்துபோனது. என்னைப் பிடித்துக் கொண்டது அந்த வேடிக்கை இல்லை. பேசுவதற்கான பத்தி ஒன்று அந்தப் புத்தகத்தில் ஏன் இல்லை என்று தாத்தா ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார். நானும் யோசித்ததில்லை. ரேடியோ என்றால் எங்கோ ஒருவர் பேசுவார், நாம் கேட்போம். தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்வது போல இதை ஒரு இயற்கை விதியாகவே எடுத்துக் கொண்டிருக்கிறோம்.

நம்மிடையே வெகுஜனத் தொடர்பு சாதனங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மக்லூஹனை மேற்கோள் காட்டாமல் பேசுவதில்லை. 1964ல் வெளிவந்த அவருடைய நூலில் ரேடியோவுக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு. ஆதிவாசிகளின் முரசு நவீன உருவில் திரும்பி வந்திருக்கிறது என்பது அவர் கட்சி. சாதனத்தின் குணம் மனித குணத்தை வனைகிறது என்ற அவருடைய அடிப்படை எண்ணத்தில் வலு இருக்கிறது. ஆனால் எது சாதனத்தின் குணம், எது அதன் மேல் பிறர் வைத்த பூட்டு என்ற கேள்வியை அவர் போதிய அளவு கேட்கவில்லை. ரேடியோவைப் பொறுத்தவரை ‘ஒருவர் பேச மற்றவர் கேட்பது’ பூட்டைச் சேர்ந்தது. யார், எப்போது, எதற்காகப் பூட்டினார்கள் என்பதற்குத் தேதிகள் இருக்கின்றன.

2

மாக்ஸ்வெல் 1860களில் கணக்கில் கண்ட அலையை 1887-88ல் கார்ல்ஸ்ரூவே நகரத்தில் ஹெர்ட்ஸ் கருவியில் கண்டார். அவருடைய பரிசோதனை மேஜையில் ஒரு பக்கம் இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே பொறி தாவும். இன்னொரு பக்கம், சிறு இடைவெளி விட்டு வளைத்த கம்பியிலும் மிகச் சிறிய ஒரு பொறி தாவும். அனுப்புவதும் வாங்குவதும் ஏறக்குறைய ஒரே உருவம். இரண்டும் இடைவெளி விட்ட உலோகந்தான். 1890களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் பகிரங்கமாக நடத்திக் காட்டிய பரிசோதனையில் அலை சுவர்களைத் தாண்டிப் போய் மணி அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. 1901 டிசம்பர் 12ஆம் தேதி இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வந்த மூன்று புள்ளிகளை, ‘எஸ்’ என்ற எழுத்தை, நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்கோனி அறிவித்தார்.

மார்கோனியின் நோக்கம் ஒலிபரப்பு அன்று. கம்பித் தந்திக்குப் போட்டியாகக் கம்பியில்லாத் தந்தி. கப்பலும் கரையும், இரண்டு வியாபார நிலையங்கள், இரண்டு ராணுவ முகாம்கள் தமக்குள் பேசிக் கொள்ள வேண்டும். அனுப்பும் செய்தியை நடுவில் இருக்கும் எவனும் கேட்டுவிடலாம் என்பது அந்தத் தொழிலில் பெரிய குறையாகக் கருதப்பட்டது. அலைவரிசையைக் கூர்மைப்படுத்தவும் ரகசியம் காக்கவும் நிறையப் பாடுபட்டார்கள். பிற்பாடு உலகத்தையே ஆட்கொண்ட ஒலிபரப்பு இந்தக் குறையைச் சரக்காக்கி விற்ற காரியந்தான்.

அதற்கு முன்பே வேறு ஒரு கூட்டம் ரேடியோவைத் தன் வீட்டுக்குள் கொண்டு போயிருந்தது. அமெரிக்காவில் 1905-06 வாக்கில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் பத்து டாலருக்கும் குறைவாக ஒரு பெட்டியை விற்றார். அனுப்பும் பகுதி, வாங்கும் பகுதி இரண்டும் அதில் சேர்ந்தே வரும். வீட்டு உபயோகத்துக்கென்று விலைக்கு வந்த முதல் ரேடியோக்களுள் ஒன்று வாயும் காதும் உள்ளதாக இருந்தது என்பதைக் குறித்துக் கொள்ள வேண்டும். கொல்லைப்புறத்தில் கம்பி கட்டிய பையன்கள், ஓட்ஸ் டப்பாவில் காயில் சுற்றியவர்கள், ராத்திரி முழுக்க ஒருவரோடொருவர் தட்டிக் கொண்டிருந்தார்கள். கடற்படை இதை இடைஞ்சல் என்றது. இடைஞ்சல் உண்மைதான். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. அந்த ஆகஸ்டில் அமெரிக்க ரேடியோ சட்டம் வந்தது. அமெச்சூர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைவான அலைநீளமும் மட்டும் உபயோகிக்கலாம். தூரத்துச் செய்திக்கு நீண்ட அலைதான் வேண்டும், குறுகிய அலை எதற்கும் பிரயோஜனப்படாது என்பது அன்றைய நிபுணர்கள் அபிப்பிராயம். ஊர்க்கோடியில் உவர்நிலத்தைக் கொடுத்து ஒதுக்குகிற காரியம் இது.

உவர்நிலத்தில் விளைந்தது. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்களின் சமிக்ஞைகள் ஸ்காட்லாந்தில் கேட்டன. 1923 நவம்பரில் சுமார் 100 மீட்டர் அலைநீளத்தில் அமெரிக்காவிலிருந்த அமெச்சூர்களும் பிரான்சிலிருந்த லியோன் தெலுவாவும் அட்லாண்டிக்கின் இருபுறமிருந்தும் பேசிக் கொண்டார்கள். வானத்தின் மேலடுக்கில் மின்னூட்டம் பெற்ற ஒரு படலம் குறுகிய அலைகளைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் சிறிய சக்தியிலேயே உலகத்தைச் சுற்றிவர முடியும் என்பது கைக்கு எட்டிய உண்மையாயிற்று. உடனே மார்கோனி கம்பெனியும் சர்க்கார்களும் சிற்றலைக்குத் திரும்பின. சாம்ராஜ்யத்தின் மூலைகளை இணைக்க ‘பீம்’ நிலையங்கள் எழும்பின. 1932 டிசம்பரில் பி.பி.சி.யின் சாம்ராஜ்ய சேவை சிற்றலையில் தொடங்கிற்று. கண்டுபிடித்தவர்கள் நடுவே துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கப்பட்ட சில பட்டைகளில் இன்றும் பேசிக் கொண்டிருக்கிறார்கள்.

3

வாங்கும் கருவியின் வாயை அடைத்த சம்பவம் இன்னும் நுட்பமானது. வால்வின் சரித்திரத்தோடு சேர்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

ஃபிளெமிங் 1904ல் இரண்டு முனை வால்வையும், டி ஃபாரஸ்ட் 1906ல் நடுவே ஒரு கிரிட் வைத்த மூன்று முனை வால்வையும் செய்தார்கள். 1912ல் மாணவனாக இருந்த ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு தந்திரம் கண்டார். வால்விலிருந்து பெருகி வெளிவரும் சக்தியில் கொஞ்சத்தை எடுத்துத் திரும்ப அதன் உள்வழியிலேயே கொடுத்தால், அது மறுபடி பெருகும். ஒரு வால்வு பல வால்வுகளின் வேலையைச் செய்யும். ஏழை வீட்டு ரேடியோவுக்கு இது பெரிய வரம். ஆனால் திருப்பிக் கொடுப்பதை ஓர் அளவுக்கு மேல் முடுக்கினால் வால்வு தானே அலையை எழுப்பத் தொடங்கிவிடும். ஏரியல் வழியாக அது வெளியே போகும். கேட்கும் பெட்டி அந்தக் கணத்தில் பேசும் பெட்டியாகிவிடுகிறது. பேச்சு என்றால் ஊளைதான். அக்கம்பக்கத்து ஹெட்போன்களிலெல்லாம் விசில் அடிக்கும்.

1920களில் இங்கிலாந்தில் இந்த ஊளை ஒரு சமூகப் பிரச்னையாக இருந்தது. பி.பி.சி.யின் தலைமை எஞ்சினியர் பீட்டர் எக்கர்ஸ்லி ஒலிபரப்பிலேயே நேயர்களைக் கெஞ்சவும் கேலி செய்யவும் வேண்டியிருந்தது. தபால் இலாகா அங்கீகரிக்கும் ரேடியோக்கள் ஏரியலில் அலை வீசாதபடி அமைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதில் அநியாயம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சங்கீதம் கேட்க உரிமை உண்டு. சதி என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கும் கருவிக்குள் பேசும் சக்தி கிடந்தது, அதை அடக்கி வைப்பதற்கென்று எஞ்சினியர்கள் உழைக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஊமைத்தனம் பிறவியிலேயே வந்ததில்லை.

அடைத்த வாய்க்குப் பதிலாக என்ன கிடைத்தது? பிட்ஸ்பர்குக்குப் பக்கத்தில் ஃபிராங்க் கான்ராட் என்ற வெஸ்டிங்ஹவுஸ் எஞ்சினியர், அமெச்சூர் லைசென்ஸ் வைத்திருந்தவர், தன் கராஜிலிருந்து கிராமஃபோன் இசைத்தட்டுகளைப் போட்டுக் கொண்டிருந்தார். இன்ன பாட்டு வேண்டும் என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. எல்லோருக்கும் பதில் செய்ய முடியாமல், குறித்த நேரத்தில் போடுவதாக அறிவித்தார். 1920 செப்டம்பரில் உள்ளூர்க் கடை ஒன்று கான்ராடின் இசையைக் கேட்பதற்கென்றே ரேடியோ விற்பதாக விளம்பரம் கொடுத்தது. அதைப் பார்த்த வெஸ்டிங்ஹவுஸ் உதவித் தலைவர் ஹாரி டேவிஸுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பேசுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், கேட்கிறவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள், விற்க வேண்டியது கேட்கும் பெட்டி. அந்த நவம்பர் 2ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளுடன் கே.டி.கே.ஏ. நிலையம் தொடங்கிற்று. 1922 ஜனவரியில் அமெச்சூர்கள் இசையோ செய்தியோ பிரசங்கமோ ஒலிபரப்பக் கூடாது என்று அமெரிக்க அரசு தடுத்துவிட்டது. கான்ராட் செய்ததை இனி இன்னொரு கான்ராட் செய்ய முடியாது. அதே வருஷம் ஆகஸ்டு 28ஆம் தேதி நியூயார்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எஃப். நிலையத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக் கம்பெனி காசு கொடுத்துப் பேசிற்று. காற்றில் பேசும் நிமிஷத்துக்கு விலை வந்துவிட்டது.

இங்கிலாந்து வேறு வழியில் போனதாகச் சொல்வார்கள். 1922ல் கருவி தயாரிப்பாளர்கள் சேர்ந்து அமைத்த பி.பி.சி. கம்பெனி 1927ல் கார்ப்பொரேஷன் ஆயிற்று. ஜான் ரீத் அதைக் கோயில் போல நடத்தினார். விளம்பரம் கிடையாது. வருஷம் பத்து ஷில்லிங் லைசென்ஸ். அமெரிக்காவில் கேட்பவனை விளம்பரதாரனுக்கு விற்றார்கள், இங்கிலாந்தில் கேட்பவனிடமே வசூலித்து அவனை உயர்த்தப் பார்த்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கணக்கிலும் கேட்பவன் ஒரு எண். என் கவுன்டருக்கு வெளியே நிற்பவர் லெட்ஜரில் ஒரு எண்ணாக இருப்பது போல. எண் திரும்பிப் பேசினால் கணக்கு உதைக்கும்.

4

இதை முதலில் கூர்மையாகப் பார்த்தவர் விஞ்ஞானி இல்லை, நாடகாசிரியர். பெர்டோல்ட் பிரெக்ட் 1932ல் ரேடியோவைப் பற்றிப் பேசியபோது, அது விநியோகிக்கும் கருவியாக மட்டும் இருக்கிறது, கேட்பவனைப் பேச வைத்து, அவனைத் தனிமைப்படுத்தாமல் உறவுக்குள் கொண்டு வந்தால் உலகத்திலேயே சிறந்த பொதுத் தொடர்பு சாதனமாக அது இருக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். வெறும் ஆசையாக அவர் இதைச் சொல்லவில்லை. 1929ல் பாடன்-பாடனில் நடந்த அவருடைய லிண்ட்பெர்க் படைப்பில் விமானியின் பங்கைக் கேட்பவனே பாட வேண்டும் என்பது திட்டம். ரேடியோ மற்றதைத் தரும்: மூடுபனி, தூக்கம், எஞ்சின், நகரங்கள்.

பிரெக்ட் பேசிய ஜெர்மனியில் பூட்டுக்குத் தனிக் காரணம் உண்டு. 1918 நவம்பர் புரட்சியில் ராணுவ ரேடியோ இயக்குபவர்கள் நிலையங்களைக் கைப்பற்றித் தங்கள் கவுன்சிலை அறிவித்தார்கள். அந்தப் பயத்தை ஜெர்மன் அரசு மறக்கவில்லை. ரேடியோவை அது தன் கைக்குள்ளேயே வளர்த்தது. அப்படி வளர்ந்த ஸ்தாபனம் 1933ல் ஹிட்லர் கைக்குச் சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அந்த ஆகஸ்டில் ‘மக்கள் ரேடியோ’ வந்தது. விலை 76 மார்க். மாடல் பெயரில் இருந்த 301 என்ற எண் ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30ஐக் குறித்தது. அதில் சிற்றலை கிடையாது. அதே ரேடியோவுக்கு 1939 செப்டம்பரில், யுத்தத்தோடு கூடவே, அந்நிய ஒலிபரப்பைக் கேட்பதற்குத் தண்டனைச் சட்டம் வந்தது. கடைசியில் மரண தண்டனை வரைக்கும் போனது. பேசுவதைத் தடுத்தவர்கள் கேட்பதையும் தடுப்பார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

பிரெக்ட் கேட்டதற்கு அவர் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு பதில் வந்தது. அல்ஜீரியாவில் ரேடியோ பிரெஞ்சுக் குடியேறிகளின் பொருள், சாதாரண அல்ஜீரியன் அதைத் தன் வீட்டில் வைக்கவில்லை. 1956ன் இறுதியில் விடுதலை இயக்கத்தின் ஒலிபரப்பு தொடங்கியதும் ரேடியோக்கள் கடைகளில் தீர்ந்துபோயின. பிரெஞ்சு அரசு விற்பனையைக் கட்டுப்படுத்திற்று, அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டிற்று. ஃபிரான்ஸ் ஃபனான் 1959ல் எழுதிய நூலில் இந்தக் காட்சி இருக்கிறது. ஒருவன் பெட்டியில் காதை ஒட்டிக் கொண்டிருக்கிறான், சுற்றி இருப்பவர்கள் கேட்கிறார்கள்: இன்ன இடத்தில் என்ன ஆயிற்று, சொன்னானா? இரைச்சலுக்கு நடுவே அவனுக்குக் கிடைத்தது நாலு சொல். மிச்சத்தை அந்த அறை சேர்ந்து இட்டு நிரப்புகிறது. சரியாகக் கேட்காத ஒலிபரப்பில்தான் கேட்பவர்கள் பங்கெடுக்க முடிந்தது. இதை ஒரு பெருமையாகச் சொல்வதில் ஆபத்து உண்டு. இட்டு நிரப்பியதில் பொய்யும் இருந்திருக்கும். ஃபனானுக்கும் அது தெரியும். ஆனால் அந்த அறையில் யாரும் வெறும் எண்ணாக இல்லை.

5

நம் நாட்டில் ஒலிபரப்பு அமெச்சூர்களிடம்தான் தொடங்கிற்று. 1923ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள். 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணஸ்வாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பை அமைத்தார். ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பு தொடங்கிற்று. முதலில் 40 வாட், பிறகு 200 வாட். இதை நடத்தியவர்கள் சொந்தக் காசில் நடத்தினார்கள். 1927ல் பணம் தீர்ந்தது. டிரான்ஸ்மிட்டரைச் சென்னை கார்ப்பொரேஷனிடம் கொடுத்தார்கள். கார்ப்பொரேஷன் 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பு நடத்தி, மெரினா உள்ளிட்ட பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தது. ஒரு நகரசபை ரேடியோ நடத்தியது என்பதை இன்று சொன்னால் நம்ப மாட்டார்கள். 1938 ஜூன் 16ஆம் தேதி ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் தொடங்கியதோடு அது முடிந்தது.

நடுவில் 1933ல் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்திருந்தது. லைசென்ஸ் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். 1939ல் யுத்தம் வந்ததும் அமெச்சூர்கள் டிரான்ஸ்மிட்டர்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. இந்தப் பின்னணியில்தான் 1942 ஆகஸ்டில் பம்பாயில் காங்கிரஸ் ரேடியோ பேசத் தொடங்கிற்று. உஷா மேத்தாவுக்கு வயது 22. 42.34 மீட்டரில், இந்தியாவின் ஏதோ ஓர் இடத்திலிருந்து என்று மட்டும் சொல்லிக் கொண்டு, வீடு வீடாக டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிக் கொண்டு, தணிக்கை மறைத்த செய்திகளைச் சொன்னார்கள்: சிமூர், ஜாம்ஷெட்பூர் வேலை நிறுத்தம், சிட்டகாங் குண்டுவீச்சு. நவம்பர் 12ஆம் தேதி போலீஸ் வந்தது. கூட வேலை செய்த தொழில்நுட்பக்காரரே காட்டிக் கொடுத்ததாக உஷா மேத்தா பின்னாளில் சொன்னார். நாலு வருஷச் சிறை விதித்து, 1946ல் வெளியே வந்தார். மூன்று மாதங்களுக்கும் குறைவான ஒலிபரப்பு.

சுதந்திரம் வந்தது. 1933ஆம் வருஷச் சட்டம் அப்படியே இருந்தது. அலைவரிசையைக் கைப்பற்றிப் பேசியவர்களின் கட்சி ஆட்சிக்கு வந்து, அலைவரிசையில் வேறு யாரும் பேசாதபடி பார்த்துக் கொண்டது. இதைக் கட்சியின் துரோகம் என்று மட்டும் படிப்பது சுலபம். ரேடியோ என்றால் ஒலிபரப்பு, ஒலிபரப்பு என்றால் ஒரு வாய் என்ற எண்ணம் அதற்குள் எல்லோருடைய பிரக்ஞையிலும் ஊறிப்போயிருந்தது என்பதுதான் விஷயம்.

ஒரு வாய் செய்த நன்மைகளைச் சொல்லாமல் விடுவது நாணயமில்லை. சபா வாசலைத் தாண்டி உள்ளே போக முடியாதவர்கள் டீக்கடை வாசலில் நின்று கச்சேரி கேட்டார்கள். 1960களின் பிற்பகுதியில் திருச்சி நிலையத்தின் விவசாய நிகழ்ச்சிகள் தஞ்சாவூர் ஜில்லாவில் ஏ.டி.டி. 27 ரக நெல்லை எவ்வளவு பரப்பின என்றால் விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் ஒலிபரப்புக்கு உள்ள சொல் முதலில் கையால் விதை தெளிப்பதைக் குறித்தது. சொல் தன் பழைய வயலுக்கே திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் கையால் தெளிப்பவன் நிலத்தைப் பார்த்துத் தெளிக்கிறான், நேற்று முளைக்காத இடத்தில் இன்று இன்னொரு பிடி போடுகிறான்.

நிலத்தைப் பார்க்கும் யத்தனம் ஒன்று நடக்கத்தான் செய்தது. 1956ல் யுனெஸ்கோ உதவியோடு அன்றைய பம்பாய் ராஜ்யத்தின் மராத்தி ஜில்லாக்கள் ஐந்தில், 150 கிராமங்களில், ரேடியோ விவசாய மன்றங்கள் அமைந்தன. கனடாவில் 1941ல் தொடங்கிய முறை அது. வாரம் இருமுறை, பத்து வாரம். ஊர்க்காரர்கள் கூடிக் கேட்பார்கள், கேட்டதைப் பற்றி விவாதிப்பார்கள், கேள்விகளை நிலையத்துக்கு எழுதுவார்கள், அடுத்த ஒலிபரப்பில் பதில் வரும். பால் நியூராத் அதை ஆராய்ந்தார். மன்றம் இருந்த கிராமங்கள் தெரிந்து கொண்டது, ரேடியோ மட்டும் இருந்த கிராமங்களைவிட மிக அதிகம் என்று கண்டார். பெட்டி ஒன்றுதான். பதில் வரும் என்ற நிச்சயம் ஓரிடத்தில் இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை. 1959ல் இது நாடு முழுவதற்குமான திட்டமாயிற்று. திட்டமானதும் தேய்ந்தது. மன்றங்களின் எண்ணிக்கையை எழுதி அனுப்புவது வேலையாகிவிட்டால் கேள்விகள் வருவது நின்றுவிடும். எங்கள் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

மிச்சமிருந்த ஒரே பாதை போஸ்ட் கார்டு. 1952ல் பி.வி. கேஸ்கர் மந்திரியானதும் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு மங்கிற்று. கேட்பவர்கள் முள்ளைத் திருப்பிச் சிலோனுக்குப் போனார்கள். கேட்பவனிடம் இருந்த ஒரே ஓட்டு அந்த முள்தான். 1957 அக்டோபரில் விவித பாரதி வந்ததற்கு அந்த ஓட்டு ஒரு காரணம். சிலோனிலும் சரி, பிறகு இங்கேயும் சரி, நேயர் விருப்பத்தில் பாட்டைவிட நீளமாகப் பெயர்ப் பட்டியல் வாசித்தார்கள். நம் அறிவுஜீவிகள் அந்தப் பட்டியலைக் கேலி செய்யாத நாளில்லை. நானும் செய்திருக்கிறேன். இன்று அப்படித் தோன்றவில்லை. ஒரு ஜனக்கூட்டம் தன்னை எண்ணாக மாற்றிய கருவிக்குள் தன் பெயரை எப்படியாவது நுழைக்கப் பார்த்தது. கான்ராடின் கராஜுக்கு வந்த கடிதங்களும் அதே ஜாதிதான்.

6

1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பின் நூற்றாண்டுத் திருப்பத்தில் தனியார் பண்பலைகள் வந்தபோது, செய்தி சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தன. காசுள்ளவனுக்கு வாய் கிடைத்தது, அதுவும் பாட்டுக்கு மட்டும். 2006ல் சமுதாய வானொலிக் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் இடம் கொடுத்தது. சக்தி 100 வாட். சென்னை கிளப் நின்றுபோன 200 வாட்டில் பாதியை எண்பது வருஷம் கழித்துத் திருப்பித் தந்தார்கள். 2008ல் ஆந்திரத்தின் மேடக் ஜில்லாவில், இன்று அது தெலங்கானா, தலித் விவசாயப் பெண்கள் சங்கம் ரேடியோவைத் தங்கள் பேச்சு வழக்கிலேயே நடத்தத் தொடங்கினார்கள். விதை பற்றி அங்கே பேசுவது விதைப்பவள்.

இப்போது எல்லோர் கையிலும் பேசும் பெட்டி இருக்கிறதே, இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொருவனும் ஒலிபரப்பு நிலையமாகிவிட்டான், வாஸ்தவம். ஆனால் ஊளைக்கும் பேச்சுக்கும் வித்தியாசம் உண்டு. 1920களின் ரேடியோ தன் சத்தத்தையே தனக்குத் திருப்பிக் கொடுத்து ஊளையிட்டது. பிரெக்ட் கேட்டது அதை இல்லை, மறுமொழியை. ஒரு கிராமம் கேள்வி அனுப்ப, பதில் வர, அந்தப் பதிலை மறுபடி அது மறுக்க ஓர் இடம் இருப்பதை. இந்த மாதிரிப் பத்திரிகைகள் சில நூறு பிரதிகளில் நடப்பதை வெட்கமாகச் சொல்கிறவர்கள் உண்டு. இதற்குக் கடிதம் எழுதித் திட்டுகிறவர் இரண்டு இதழ் கழித்து இதிலேயே எழுதுகிறார். 200 மீட்டருக்குக் கீழே நடக்கிற காரியம். அதற்கு மேல் இதற்குப் பெருமை வேண்டியதில்லை.

என் அத்தை கல்யாணத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், தாத்தாவின் அந்த ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு நிலையத்துக்கு முப்பது கார்டுக்கு மேல் எழுதியிருக்கிறாள். எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. ஒரே ஒரு தடவை பெயர் வந்தது, பதினோரு பெயருக்கு நடுவில். ஊர்ப் பெயரைத் தப்பாக வாசித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் யாரும் நம்பவில்லை, அது வேறு யாரோ என்றார்கள். லைசென்ஸ் புத்தகத்தை அவளிடம் காட்டியபோது இந்தக் கதையை மறுபடி சொன்னாள்.

“அன்னைக்கு மைக்கை உங்க கையில குடுத்திருந்தா என்ன பேசியிருப்பீங்க, அத்தை?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “என்னத்தைப் பேசறது? ஊர்ப் பேரைத் திருத்தியிருப்பேன்டா” என்றாள்.